வேண்டாம் என்றால் ஒரு கரண்டி

புகழேந்தியின் கரண்டிக்கு முன்னால் யாருடைய ‘வேண்டாம்’ என்ற சொல்லும் நிலைத்ததில்லை. மன்னார்குடியைச் சுற்றியுள்ள கல்யாண மண்டபங்களில் இது எல்லாருக்கும் தெரியும்.

சாம்பார் வாளியைத் தூக்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். ஆனால் பாசிப்பருப்பும் நெய்யுமாகக் கிண்டிய அசோகா அல்வாவை மட்டும், சமையல் கான்ட்ராக்டர் சிங்காரவேலு, புகழேந்தியின் கையில்தான் கொடுப்பார். சர்க்கரை வியாதிக்காரர்கள் அவனைத் தூரத்தில் பார்த்தவுடனேயே இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொள்வார்கள். அவன் குனிந்து சிரிப்பான். “என்ன மாமா, பொண்ணு வீட்டுக்காரங்க மனசு நோவாதா?” என்பான். அந்தச் சிரிப்புக்கு விரல்கள் லேசாக இளகும். இளகிய இடைவெளியில் அசோகா இறங்கிவிடும்.

“வேண்டாம்னா என்னடா அர்த்தம்? கேக்காமப் போடுன்னு அர்த்தம்” என்பார் சிங்காரவேலு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் புகழேந்தியைக் காட்டி, “இவனப் பாத்துக் கத்துக்குங்கடா” என்பார்.

அவன் அப்படிப் பரிமாறியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவனுடைய அப்பா முருகையன் பாமணி ஆற்றங்கரையில் பிறர் வயலில் நடவும் அறுப்புமாக வளர்ந்தவர். பண்ணை வீட்டுக் கல்யாணங்களில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு கொல்லைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர். “நமக்கெல்லாம் வேண்டாம்னு சொல்ற பாக்கியமே இருந்ததில்லடா. யாரு ரெண்டாந்தடவ வந்து கேட்டா?” என்று அவர் ஒரு நாள் சொன்னது மகனின் நெஞ்சில் தைத்துவிட்டது. தன் பந்தியில் எவனும் அப்படிக் கேட்பாரில்லாமல் எழுந்து போகக் கூடாது என்று அவன் நினைத்தான். அந்த நல்ல நினைப்பே ஒரு பெண்ணின் கண்ணீருக்கு வழிகாட்டும் என்று யார் கண்டது?

அறிவுமதியை அவன் முதலில் பார்த்தது ஒரு காய்ச்சல் நேரத்தில். அவள் மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நூறு இலைக்கு முன்னால் தயங்காத புகழேந்திக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். “எந்தக் கையில எடுக்கட்டும்?” என்று அவள் கேட்டதுமே கையை இழுத்துக்கொண்டு, “வேண்டாங்க” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். “சரிங்க. வெளில உக்காந்து தண்ணி குடிச்சிட்டு வாங்க. முடியும்னா சொல்லுங்க, எடுத்துக்கலாம்” என்றாள்.

பக்கத்தில் இருந்த அவளுடைய தோழி ஜீவிதாதான், “பாத்தா மலையாட்டம் இருக்காரு, ஊசியப் பாத்து ஓடுறாரு!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

காய்ச்சல் போய்விட்டது. அறிவுமதி போகவில்லை. முதலில் ‘நீங்க’ என்று இருந்தது, தெப்பக்குளத்துக் கரையில் பன்னீர் சோடா குடித்த ஒரு மாலையில், எப்படி என்று தெரியாமலே ‘நீ’ ஆயிற்று. இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். முதலில் முகம் சுளித்தாலும் பிறகு இரண்டு வீடும் இறங்கி வந்தன. தை பிறந்ததும் பெண்ணுக்குப் பூ வைக்க வருவதாகப் பேச்சு. புகழேந்தியின் அம்மா செவ்வந்தி அதற்காக அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்து, பீரோவில் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திறந்து திறந்து காட்டினாள்.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு மாலை. அதே குளக்கரை. அறிவுமதி சோடாவை இன்னும் தொடவே இல்லை.

“புகழ், ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்.”

“கேளேன். சம்பளமா? அதான் ஒனக்கே தெரியுமே!”

“வெளையாடாத. நீ அந்த மாதிரிப் படமெல்லாம் பாப்பியா?”

புகழேந்திக்குத் தொண்டையில் சோடா நின்றுவிட்டது. ஃபோன் வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறவன் அவன். வெளியூர்க் கல்யாணங்களில் மண்டபத்து மாடியில் பாயை விரித்துப் படுக்கும்போது, ஒருவர் ஃபோனிலிருந்து ஒருவர் ஃபோனுக்கு அவை வந்து விழும். ஆனால் அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

“ச்சீ! என்ன மதி கேள்வி இது? நான் அந்த மாதிரி ஆளா?”

அவள் அவனையே பார்த்தாள். நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அடுத்ததைச் சொன்னாள்.

“நான் பாத்திருக்கேன்டா. ஹாஸ்டல்ல இருந்தப்ப. நாங்க எல்லாம் சேந்து, பொறவு நான் மட்டும்கூட. பொய் சொல்ல மாட்டேன், ஆசையாவும் இருந்துச்சு, அருவருப்பாவும் இருந்துச்சு. ஆனா ஒண்ணு மட்டும் மனச விட்டுப் போகல. அதுல வர்ற பொண்ணு வேண்டாம் வேண்டாம்ங்கறா. அவன் விட மாட்டேங்கறான். செத்த நேரத்துல அவளே சிரிக்கிறா. நிஜத்துல யாரு சிரிப்பா? ஜீவிதா கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல, தெனம் அழுதுட்டு வரா. அவ வூட்டுக்காரரு ஃபோனக் காட்டி, இதுமாதிரி இருங்கறாராம். மாட்டேன்னா நடிக்காதங்கறாராம்.”

“அவன் ஒரு பொறுக்கி.”

“நீ அப்படி இல்லல்ல?”

“அடிப்போடி!” என்றான் அவன்.

அவள் சிரித்தாள். மனதிலிருந்த பாரத்தை இறக்கி வைத்தவளைப் போலச் சோடாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். பாவம், தன் மனதைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிட்டோம் என்று அவள் நிம்மதியாக இருந்தாள். கொடுத்தது எங்கே போய் விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவனுடைய மனதில் இரண்டு குரல்கள் கேட்டன. ‘பொய் சொல்லிவிட்டாயே’ என்றது ஒன்று. ‘அவளே பார்த்திருக்கிறாளாம். அப்படியானால் உன்னிடம் மட்டும் என்ன தயக்கம்?’ என்றது மற்றொன்று. முதல் குரலை அவன் அமுக்கிவிட்டான்.

அடுத்த வாரம் பட்டுக்கோட்டையில் ஒரு நிச்சயதார்த்த விருந்து. அறிவுமதியும் அன்று அங்கே ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியானம் அவனுடைய வண்டியிலேயே திரும்பினாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத் தென்னந்தோப்பில் ஒரு மோட்டார் கொட்டகை இருந்தது. இருவரும் ஓடிப்போய் நின்றார்கள். துப்பட்டாவால் அவன் தலையை அவளே துவட்டிவிட்டாள். நெருங்கி வந்து அவன் முத்தமிட்டபோது அவளும் விலகவில்லை. மறைப்பானேன், அவளுக்கும் ஆசை இருந்தது.

பிறகு அவன் கை எல்லை தாண்டியது. அவள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

“வேண்டாம் புகழ்.”

அவன் சிரித்தான். ஐயோ, அதே சிரிப்பு! இலைக்கு முன்னால் குனியும்போது வருகிற அதே சிரிப்பு!

“வேண்டாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?”

“புகழ், நெசமாத்தான் சொல்றேன். விடு.”

அவன் விடவில்லை. அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவள் திமிறினாள். அப்போது அவன் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வந்தன.

“எல்லாத்தையும் பாத்தவதானே நீ? எங்கிட்ட மட்டும் என்னடி நாடகம்?”

அவள் திமிறுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு கணம் அவன் அதையும் சம்மதம் என்றே எண்ணினான். பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தக் கண்கள் அவனைப் பார்க்கவே இல்லை. கொட்டகையின் மூலையில் கிடந்த பழைய மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவன் பிடியில் இருந்த அவள் கை மரக்கட்டையாக இருந்தது. சுட்டதைப் போல அவன் கையை எடுத்தான்.

“மதி...”

“வண்டிய எடுங்க. பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுடுங்க.”

எடுங்க. விடுங்க. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எத்தனையோ செய்திகள் அனுப்பினான். அவள் படித்தாள், பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நாள் வந்தது: “பூ வைக்க வர வேண்டாம்னு உங்க வீட்டுல நீங்களே சொல்லிடுங்க. காரணத்தையும் நீங்களே சொல்லுங்க.”

காரணம்! அம்மாவிடம் போய் என்னவென்று சொல்வான்? பொய்யாக ஒரு காரணம் இருக்கத்தான் செய்தது. ‘அவ அந்த மாதிரிப் படம் பாக்கறவளாம்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் அவனைத் தோளில் தட்டும், அவளைத்தான் தூற்றும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தன் மனதுக்குத் தோன்றியதே, அதற்காகவே அவன் தன்னைக் காறி உமிழ்ந்துகொண்டான். உண்மையைச் சொல்லவும் நா எழவில்லை. மார்கழி கழிந்தது. பீரோவில் அரக்குப் புடவை காத்துக்கொண்டிருந்தது.

தை பிறந்த பிறகு முதல் முகூர்த்தம். மன்னார்குடியில் பெரிய கல்யாணம். அசோகாத் தட்டோடு புகழேந்தி பந்தியில் இறங்கினான். முதல் இலையில் ஒரு பெரியவர் கையால் மூடி, “வேண்டாம்ப்பா” என்றார். அவனுக்கு மழையும் மோட்டார் கொட்டகையும் கண்முன் வந்தன. கரண்டி எழவே இல்லை. “சரிங்க” என்று நகர்ந்துவிட்டான். அடுத்தவரும் வேண்டாம் என்றார், நகர்ந்தான். அதற்கடுத்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் காயாரோகணம். நாகப்பட்டினத்தில் சொந்தப் படகு வைத்திருப்பவர், தோளில் சரிகைத் துண்டு. அவரும் முறைப்படி கையை இலைக்கு மேலே லேசாக அசைத்து, “வேண்டாம், வேண்டாம்” என்றார். அசைத்த கையை அவர் இறக்குவதற்குள் புகழேந்தி அடுத்த இலைக்குப் போயிருந்தான்.

காயாரோகணத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

“யோவ்! இங்க வாய்யா!”

“என்னங்கய்யா?”

“என்ன, என்னங்கய்யா? மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்யா நானு. வேண்டாம்னா அப்படியே போயிடறதா? கேட்டு வாங்கித் திங்கவா நாகப்பட்டினத்துலேர்ந்து வந்தோம்?”

“நீங்கதாங்கய்யா வேண்டாம்னீங்க.”

“வேண்டாம்னா வேண்டாம்னா அர்த்தம்?”

பந்தியே குலுங்கிச் சிரித்தது. “சரியான ஆளப் புடிச்சுப் போட்டிருக்காங்க!” என்றது ஒரு குரல். “பொண்ணு வூட்டுல அசோகா தட்டுப்பாடு போலருக்கு!” என்றது இன்னொன்று. பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார்.

புகழேந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கண்களிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. “ஆமாங்கய்யா” என்றான். “வேண்டாம்னா வேண்டாம்னுதாங்கய்யா அர்த்தம். எனக்குத்தான் தெரியாமப் போச்சு.” தட்டைத் தரையில் வைத்துவிட்டு நடந்தான்.

“என் தொழில்ல மண்ணப் போட்டியேடா!” என்று பல்லைக் கடித்த சிங்காரவேலு, தானே தட்டை எடுத்துத் தாய்மாமன் இலையில் கரண்டி கரண்டியாகக் கொட்டினார். “ஐயோ, போதும், போதும்யா!” என்று மனம் குளிரக் கூவினார் காயாரோகணம்.

மண்டபத்தின் பின்புறம் செவ்வந்தி அரிவாள்மணையில் உட்கார்ந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் சிங்காரவேலுவிடம்தான் வேலை. மகன் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான்.

“என்னடா, உள்ள ஒரே சத்தமா இருக்கு? ஏன் அழுவுற?”

“பூ வைக்கப் போக வேண்டாம்மா.”

“என்னடா ஒளர்ற? அந்தப் பொண்ணு என்னடா செஞ்சா?”

“அவ ஒண்ணும் செய்யல. நான்தான். அவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கலம்மா. கையப் புடிச்சு... முறையில்லாம நடந்துக்கிட்டேன். அசிங்கமாவும் பேசிட்டேன்.”

நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

“அது வேண்டாம்னு சொல்லிச்சா?”

“ரெண்டு தடவ சொன்னா.”

செவ்வந்தி அவனை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நறுக்கிய பூசணித் துண்டுகளைக் கூடைக்குள் தள்ளினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்காவது சொல்ல வாய் இருந்துச்சு” என்றாள் மெதுவாக. “எங்களயெல்லாம் யாருடா கேட்டா?”

அவ்வளவுதான் சொன்னாள். மீண்டும் நறுக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தையில் தன் அப்பாவும், தான் பிறந்த வீடும், தானும் சேர்ந்து இடிந்து விழுவதைப் போலப் புகழேந்திக்கு இருந்தது.

மறுநாள் செவ்வந்தி தனியாகப் பஸ் ஏறி அறிவுமதியின் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: “தப்பு எம் மவன் மேலதாங்க. ஒங்க பொண்ணு மேல ஒரு பழியும் இல்ல.” திரும்பி வந்து பீரோவைத் திறந்து, புடவையை அடியில் தள்ளி வைத்தாள்.

புகழேந்தி ஒரே ஒரு செய்தி அனுப்பினான். “ஒரு தடவ பாத்துப் பேசணும். வேண்டாம்னா வரல.”

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “லேபுக்கு வாங்க. ஜீவிதா இருப்பா.”

மத்தியான நேரம், நோயாளிகள் யாரும் இல்லை. காலியாக இருந்தது ரத்தம் எடுக்கிற நாற்காலி ஒன்றுதான். அவன் தயங்கினான்.

“உக்காருங்க, குத்த மாட்டோம்” என்றாள் ஜீவிதா. குரலில் குத்தல் இருந்தது. அவள் மேசையிலிருந்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் ஒட்டத் தொடங்கினாள். காது மட்டும் இங்கேதான்.

அறிவுமதி இளைத்திருந்தாள். மணிக்கட்டை வெள்ளைக் கோட்டின் நீளக் கை மறைத்திருந்தது.

“நான் பொய் சொன்னேன்” என்றான் அவன். “அந்தப் படமெல்லாம் நான் பாப்பேன். ரொம்ப வருஷமா. அன்னிக்கு நீ கேட்டப்ப ஆமான்னு சொல்லியிருக்கணும். நீ உண்மையச் சொன்ன. நான் நல்லவன் வேஷம் போட்டேன்.”

“நீங்க பாத்தது எனக்குப் பெருசில்லங்க. நானும்தான் பாத்தேன்.” அவள் கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நம்பி ஒண்ணு சொன்னேன். அத எடுத்து என் கழுத்துலயே கத்தியா வச்சீங்க பாருங்க... அதத்தான் தாங்க முடியல. இனிமே யாருகிட்டயாவது ஏதாவது சொல்ல எனக்கு வாய் வருமா?”

அவன் தலை குனிந்திருந்தது.

“ஒங்க அம்மா வந்தாங்க. அழுதாங்க. எங்க அம்மாவும் அழுதாங்க.” சற்று நிறுத்தினாள். ஜீவிதாவின் கையும் நின்றது. “நான் பாத்ததச் சொன்னீங்களா வீட்டுல?”

அவள் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தது இதற்காகத்தான் என்று அந்தக் கணம்தான் அவனுக்குப் புரிந்தது. அவனை இழந்ததற்காக மட்டும் அல்ல. அந்த ஒரு சொல் ஊர் வாயில் விழுந்துவிடுமோ என்று.

“இல்ல மதி. அது நீ எங்கிட்ட சொன்னது. சொல்லலாம்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. அதையும் ஒங்கிட்ட மறைக்கல. ஆனா சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு சொட்டுக் கண்ணீர் கோட்டில் விழுந்தது. அவன் எழுந்து அவளைத் தேற்ற நினைத்தான். கை எழுந்தது. பாதியிலேயே நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டான்.

“நான் காத்திருக்கலாமா?” என்று கேட்டான்.

“வேண்டாங்க.”

அந்தச் சொல் எத்தனை ஆயிரம் இலைகளுக்கு முன்னால் அவன் காதில் விழுந்திருக்கும்! இன்றுதான் அதை முதல் தடவையாகக் கேட்டான். “சரி” என்று எழுந்தான். வாசல் வரைக்கும் அவள் கூப்பிடுவாள் என்று பாழும் மனம் ஏங்கியது. அவள் கூப்பிடவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

சிங்காரவேலு அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அசோகாத் தட்டு கைமாறிவிட்டது. “ஒனக்கு இனிமே தண்ணிதான் லாயக்கு” என்று ஜக்கைக் கொடுத்தார். தண்ணீரை மட்டும்தான் வேண்டுமென்றால் கேட்பார்கள், வேண்டாமென்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு இலையிலும் ‘ஊத்தட்டுங்களா?’ என்று அவன் கேட்டுக் கேட்டு ஊற்றுவதைப் பார்த்து, “ஊத்தட்டுங்களா பார்ட்டி!” என்று கூட இருப்பவர்கள் கேலி செய்தார்கள். அவன் ஜக்கோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவான். மாடியில் படுக்கும்போது யாராவது ஃபோனை நீட்டினால் மறுபக்கம் திரும்பிக்கொள்வான். அதனால் தன் பாவம் கழிந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் ஒரு கல்யாணம். ஜக்கோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தவன் ஓர் இலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். அறிவுமதி. பக்கத்தில் ஜீவிதா. இருவரும் மணப்பெண்ணோடு வேலை பார்ப்பவர்கள் போலிருக்கிறது. ஜீவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் நகர்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

“தண்ணி” என்றாள் அறிவுமதி.

ஊத்து என்றும் சொல்லவில்லை, ஊத்துங்க என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரப்போகிறது என்று அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். எதுவும் வரவில்லை. டம்ளரை முன்னால் நகர்த்தினாள், அவ்வளவுதான்.

அவன் ஜக்கைச் சாய்த்தான். டம்ளர் பாதி நிறைவதற்குள் அவளுடைய சுண்டு விரல் இலையோரத்தில் லேசாக எழுந்தது.

அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூட விழாமல் நிறுத்தினான்.